சுவருக்குள் மணிக்கூடுகள்

சுலோஜனாவுக்குத் தலையிடி. ஓர்ஸ் ஹில் வாடகை வீட்டில் பஸ் ஹோர்னும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து கொடுத்த தலையிடி. அதற்கு மருந்தாகத்தான் அவள் கணவர் கனகரத்தினம் லிங்கநகரில் அமைதியான வீடொன்று கட்ட முடிவெடுத்தார்.

கட்டடக்கலைஞர் ரஜீவன் வரைபடத்தை விரித்தார். வெள்ளைச் சுவர், கடற்காற்று வர நீள யன்னல், மறுபடியும் வெள்ளைச் சுவர். அலுமாரிகள்கூடச் சுவருக்குள் ஒளிந்திருந்தன.

"வெறுமை கதைக்க வேணும், ஐயா. பகலிலை லைற்றும் வேண்டாம், ஃபானும் வேண்டாம். கரண்ட் பில் வராது. ஆனால் சுவரிலை ஒரு ஆணி அடிச்சியளோ, வீடு செத்துப்போகும்."

கனகரத்தினம் உருகிப்போனார். துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுவதும் வெறுமையைப் பற்றி அவருக்கு யாரும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

வீடு எழும்பியது. குடிபூரலுக்கு ஊரே வந்தது. வருகிறவர்கள் கையில் என்ன இருக்கும் என்பதை மட்டும் ரஜீவன் வரைபடத்தில் போட மறந்திருந்தார். சுவர் மணிக்கூடு. ஆளுக்கொன்று. மயில் வடிவம், படகு வடிவம், குயில் கூவுவது, பிள்ளையார் பாட்டுப் படிப்பது.

ஆணி அடிக்க ஏலாது. எல்லாம் சுவருக்குள்ளிருந்த அலுமாரிகளுக்குப் போயின. மறுநாளே வெறுமை கதைக்கத் தொடங்கியது. மத்தியானம் கிழக்குச் சுவர் கூவியது. கொஞ்சம் பிந்தி மேற்குச் சுவர் பக்தியோடு பதில் சொன்னது.

"இஞ்சேருங்கோ, பற்றறியளைக் கழட்டி விடுங்கோவன்," என்றாள் சுலோஜனா, நெற்றியைப் பிடித்தபடி.

கழற்றினார். கனகரத்தினத்தின் அக்கா இரத்தினேஸ்வரி அடுத்த நாளே வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. சுவர்களைத்தான் பார்த்தாள்.

"தம்பி, எங்கை நான் தந்த மயில்?"

அலுமாரி திறந்தது.

"ஐயோ! குடிபூந்த கையோடை மணிக்கூடு நிண்டுபோச்சோ? ஆரைக் காவுகுடுக்கப் பாக்கிறியள்?"

பற்றறிகள் எல்லாம் திரும்ப ஏறின. முறைப்பாடு கேட்டு வந்த ரஜீவன் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடினார்.

"அருமை! சுவருக்கு இதயம் வந்திட்டுது."

"அப்ப நீங்களே வந்து இருங்கோ தம்பி," என்றாள் சுலோஜனா.

வாடகை வீடு நல்லகாலம் இன்னும் காலியாக இருந்தது. இப்போது பஸ் ஹோர்ன்களுக்கு நடுவில் சுலோஜனா மத்தியானத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். லிங்கநகர் வீட்டில் மணிக்கூடுகள் குடியிருக்கின்றன. கனகரத்தினம் பற்றறி மாற்றவும், தந்தவர்கள் வந்தால் அலுமாரியைத் திறந்து காட்டவும் போய்வருகிறார்.

ரஜீவனைக் குறை சொல்ல ஏலாது. கரண்ட் பில் வருவதேயில்லை.