டேப் பதினொன்றில் மேலாளர்

கரூரில் ஒரு படுக்கைவிரிப்பு ஏற்றுமதி அலுவலகத்தில், மெயில் மென்பொருளில் டேப் விசையை எட்டு முறை தட்டும்வரை, எந்தப் பொத்தான் என்று காட்டும் நீலக் கட்டம் திரைக்குள்ளேயே சுற்றும். ஒன்பதாவது தட்டலில் வெளியே வந்து பக்கத்து நாற்காலிக்காரர் மேல் விழும். பத்தாவதில் டீ கேன். பதினொன்றில் மேலாளர். பன்னிரண்டில் மின்விசிறி. பதின்மூன்றில் சுவரில் இருக்கும் பல்லி. பதினான்கில் மறுபடி திரைக்குள் புகுந்து, ‘பதில்’ பொத்தானில் போய் நிற்கும்.

மவுஸ் பிடிக்கிறவர்களுக்கு இந்தச் சுற்று தேவைப்படவில்லை. அங்கே வேலை பார்க்கும் செங்கமலம் போன வாரம் பெட்ரோல் பங்கில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு மவுஸ் பிடிக்க முடியாது. இடது கையும் டேப் விசையும்தான். கண்ட்ரோல் விசையையும் ஆர் விசையையும் சேர்த்துத் தட்டினால் நேராகப் பதிலுக்குப் போகலாம் என்று உதவிப் பக்கம் சொன்னது. ஆனால் அது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். அன்று வியாழன்.

மூன்றரை மணிக்கு ராட்டர்டாமிலிருந்து மெயில் வந்தது. முருங்கை இலை போட்ட தலையணை உறை நாற்பதாயிரம் வேண்டும், சம்மதமா, நான்கு மணிக்குள் பதில் வராவிட்டால் வேறு ஊரில் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தையல் பிரிவில் முப்பத்திரண்டு பெண்கள் வேலையில்லாமல் திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் இருந்தார்கள்.

செங்கமலம் தட்ட ஆரம்பித்தாள். ஒன்பதில் கட்டம் பக்கத்து நாற்காலி பூபதியைச் சுற்றி நின்றது. அவன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

“போங்கக்கா, அவசரமில்லை,” என்றான்.

பத்தில் டீ கேன். லூர்துமேரி ஊற்றுவதை நிறுத்தினாள். பதினொன்றில் மேலாளர் ஞானசுந்தரம். அந்த நேரம் பார்த்து மாவுக்கட்டின் முனை என்டர் விசையில் பட்டுவிட்டது.

ஞானசுந்தரம் திறந்துகொண்டார், இரட்டைக் கதவு அலமாரி போல. உள்ளே அனுப்பாத மெயில் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. ‘முருங்கை இலை டிசைன் செங்கமலம் வரைந்தது. நான் வரைந்ததாகச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது.’ கீழே இணைப்பாக, அவள் பஸ் டிக்கெட்டின் பின்புறம் பென்சிலில் போட்ட அதே இலை.

செங்கமலம் குனிந்து பார்த்தாள். அந்த டிக்கெட் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தாள்.

“மூடிடட்டுமா சார்?”

“அனுப்பிடும்மா,” என்றார் அவர். “ரெண்டு வருசமா சாப்பிட்டது எறங்கல.”

அனுப்பினாள். அலுவலகத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் மணியடித்தது. லூர்துமேரி படித்துவிட்டு, “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே,” என்று டீயை ஊற்றத் தொடங்கினாள். ஞானசுந்தரம் மூடிக்கொண்டு, இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. கட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செங்கமலம் எண்ணி எண்ணித் தட்டினாள். பூபதி, டீ கேன், மேலாளர், மின்விசிறி. பல்லி ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. அதனால் ஓர் இடம் குறைந்து, பதினான்காவது தட்டலில் கட்டம் ‘பதில்’ பொத்தானைத் தாண்டி ‘அனைவருக்கும் பதில்’ மேல் நின்றது. பின்னால் போக நேரமில்லை. இடது கையால் ‘சம்மதம்’ என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள்.

ராட்டர்டாமுக்கு அது நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. கரூருக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரில் யார் யாரிடம் என்ன கேட்கப்பட்டிருந்ததோ அதற்கெல்லாம் அந்த நிமிடமே சம்மதம் கிடைத்தது. காந்திகிராமம் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் குடியிருப்பவர்களின் நாய்க்குச் சம்மதித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முழுவதையும் விளையாட விட்டார்கள். கடல் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு, பூபதி போன் போட்டு, “சம்மதம், ஞாயித்துக்கிழமை கெளம்பலாம்,” என்றான். அமராவதி ஆற்றிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அதுவும் சம்மதித்தது.

ஐந்து மணிக்கு செங்கமலம் தையல் பிரிவுப் பெண்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள்.

“நாளைக்கு வாங்க. முருங்கை இலை தைக்கணும்.”

“யார் போட்ட டிசைன் அது?” என்று ஒருத்தி வேண்டுமென்றே கேட்டாள்.

“நான் போட்டது,” என்றாள் செங்கமலம். அப்படிச் சொல்வது நன்றாக இருந்ததால், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

நிறுத்தத்துக்கு வந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அவளுடைய பஸ், படிக்காத மெயில் போல, தடித்த எழுத்தில் வந்தது. அன்று அதை யாரும் இன்னும் படித்திருக்கவில்லை. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அது மெலிந்து, சாதாரண எழுத்தில் கிளம்பியது.