சிங்க் ஓரத்துப் பேச்சு

"நீங்க எழுந்து வெளியே போங்க சார்."

சொல்லிவிட்டேன். இதை மட்டும் சொல்லிடாதேடி என்று காலையில் டிபன் பாக்ஸை மூடும்போதே அம்மா கெஞ்சியிருந்தாள். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். அந்த டிகிரிக்கு ஒரு வாய் முளைத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜர் சிரித்தார். "என்னம்மா, என் ரூம்லேயே என்னைப் போகச் சொல்றே?"

"ரூம் உங்களுது சார். கூட்டம் எங்களுது."

நாங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீன் பின்பக்கச் சிங்க் ஓரம் நின்றபடியே டீ குடிப்போம். அந்த வாரம் யார் எதில் சொதப்பினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். கிண்டல் தூள் பறக்கும். அப்புறம் அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காலேஜில் எனக்கு நரம்பைப் படத்தில்தான் காட்டினார்கள். ஊசி முனையில் அது வழுக்கிக்கொண்டு ஓடினால் எப்படிப் பிடிப்பது என்பது அந்தச் சிங்க் ஓரத்தில்தான் தெரிந்தது.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. "பிரமாதம்" என்றார். ஏசி ரூம் கொடுத்தார். கதவில் 'கற்றல் வட்டம்' என்று போர்டு. டிகிரி இருக்கிறதே, அதனால் நான் ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அதற்கென்று ஒரு நீலப் பட்டை. அவரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் கூட்டத்திலேயே எங்களில் மூத்தவளான சுருட்டை முடி அக்கா வாயைத் திறந்தாள். "கூட்டம் நெருக்குதேன்னு, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே எல்லா ட்யூப்லயும் பேர் ஒட்டிட்டேன்ப்பா. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிருக்கும். கடைசி நிமிஷத்துல கண்ணுல பட்டுச்சு."

சிங்க் ஓரமாக இருந்தால் "நானும் அப்படித்தான் ஒட்டறேன்க்கா" என்று பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். இங்கே மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை அக்கா ஸ்டோர் ரூமில் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எல்லோரும் உத்தமர்கள். "இந்த வாரம் ஒண்ணுமில்லை சார்." "எனக்கும் ஒண்ணுமில்லை சார்." நேற்று ஒரு குழந்தையை மறுபடி குத்த வேண்டி வந்தது. அதே முன்கூட்டிப் பேர் ஒட்டின கதைதான். குழந்தை வீறிட்டது மாடி வரை கேட்டது. யார் ஒட்டியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அந்த வாயும் அதே பாட்டுத்தான் பாடியது: "ஒண்ணுமில்லை சார்."

"அக்காவைத் திரும்ப எங்களோட விடுங்க. நீங்க இங்க உட்காராதீங்க" என்றேன்.

"தப்பு பண்றவங்களை மடியில வச்சுக் கொஞ்சணுமா?"

"அக்கா பண்ணினதைச் சொன்னாங்க சார். பண்ணிட்டுச் சொல்லாத நாங்க எல்லாரும் உங்க முன்னாடி ஜம்முனு உட்கார்ந்திருக்கோம்."

ஒருத்தரும் நிமிரவில்லை. பக்கத்திலிருந்த மீசைக்காரன் என் துப்பட்டாவை இழுத்தான். "விடு தாயே, எங்களையும் சேர்த்துக் கோத்து விடாதே."

மேனேஜர் குரலைத் தணித்தார். "படிச்ச பொண்ணு, பக்குவமா இரு. அடுத்த மாசம் உன்னைப் பெர்மனன்ட் பண்ணலாம்னு இருக்கேன். அக்கா விஷயம் முடிஞ்சு போச்சு."

இந்தப் பெர்மனன்ட் கைநழுவிவிடுமே என்றுதான் அம்மா பயந்தாள். அம்மா நாளெல்லாம் நின்று பாக்கெட் போடுகிற பிஸ்கட்டை, இவர் நாய்க்குக் காட்டுவதுபோல எனக்குக் காட்டுகிறார்.

நீலப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டேன்.

"நீங்களே உட்காருங்க சார். ஏசி நல்லா இருக்கு."

இந்த நேரத்துக்குச் சிங்க் ஓரம் வரும்படி அக்காவிடம் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். டீ ஆறிக்கொண்டிருக்கும். வெளியே வந்து கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன். ஏசி ரூம் கதவு. சத்தமே போடாமல் மெதுவாகத்தான் மூடியது. அதுவும் எரிச்சலாக இருந்தது. சிங்க் பக்கம் நடந்தேன்.