காய்ச்சலுக்கு டோக்கன் கொடுத்த விடுதி

அந்த உறைவிடப் பள்ளியில் ஓராண்டுக்கும் மேலாக காய்ச்சல்கள் வரிசையில் நின்று, முறை வந்த பிறகே பிள்ளைகளுக்கு வந்தன. தொடக்கத்தில் அங்கே இருநூற்று நாற்பது பெண்கள், நான்கு கட்டில் போட்ட நோயறை, ஒரு நர்ஸம்மா. பரீட்சை முடிவில் பள்ளி பேர் வாங்கியதும் பெற்றோர்கள் முண்டியடித்தார்கள். மூன்றே ஆண்டில் தொள்ளாயிரத்து அறுபது பேர். புதுமாடி எழும்பியது, அடுக்குக் கட்டில்கள் வந்தன, பிரின்சிபால் அறைக்கு ஏசியும் வந்தது. நர்ஸம்மா மட்டும் அதே ஒருத்தி. இன்னொரு நர்ஸ் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "பார்க்கலாம்" என்றே பிரின்சிபாலின் பதில். கடைசியில் ஆபீஸ் கிளார்க், சேர்க்கையன்றே நோயறைக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார். நாளுக்கு நான்கு பேர், இருநூற்று நாற்பது நாளில் எல்லோருக்கும் முடிந்துவிடும். இப்படியும் ஒரு மூளை! ஆனால் நோய்கள் அதை மதித்தன. முப்பத்தேழாம் எண் பெண்ணுக்குச் சரியாகப் பத்தாம் நாள் காலையில் காய்ச்சல் வந்தது. மற்றவர்களின் காய்ச்சலும் வயிற்றுவலியும் வராந்தாவில் காத்திருந்தன. அந்தப் பக்கம் போனால் கணுக்கால் சுடும். கூட்டுகிற அம்மா மட்டும், "தள்ளி நில்லுங்க, பெருக்கணும்ல" என்று அவற்றை விரட்டுவார். வரிசை ஒழுங்காக நகர்கிறதே, இன்னொரு நர்ஸ் எதற்கு என்றார் பிரின்சிபால்.

டோக்கன் வந்த இரண்டாம் ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் கிடைத்தது. அம்மா விட்டுவிட்டுப் போன அன்று வரவேண்டிய அழுகை அவளுக்கு வரவில்லை; அழுகைக்கும் அதே டோக்கன்தான். அது உள்ளேயே தங்கிக் கனத்தது. இரண்டே வாரத்தில் வகுப்பு பெஞ்சு உடைந்தது, அவள் நடந்தால் தரையில் குழி விழுந்தது, சோறு இறங்கவில்லை. ஒருநாள் மதியம் நோயறை வாசலில் வந்து நின்றாள்.

"நர்ஸம்மா, எனக்கு அழுகை எப்போ வரும்?"

"உன் நம்பர் என்னம்மா?"

"ஐந்நூத்திப் பன்னெண்டு."

நர்ஸம்மா விரல்விட்டு எண்ணினார். இன்னும் நாலு மாதம். அதுவரை இந்தக் குழந்தை தாங்காது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ஆபீஸுக்குப் போய், டோக்கன் பெட்டியைத் தூக்கிவந்து, சமையலறை அடுப்பில் கொட்டினார். "அய்யோ, வேலை போயிடும்மா" என்று கிளார்க் பின்னாலேயே ஓடிவந்தார். "போகட்டுமே" என்றார் நர்ஸம்மா.

அடுத்த நிமிடம் வராந்தா காலியானது. முந்நூறு காய்ச்சல், நூறு தலைவலி, எண்ணிக்கையில்லாத ஏக்கம் எல்லாம் ஒரே மூச்சில் பிள்ளைகளுக்குள் புகுந்தன. கணக்கு டீச்சர் ஈரத்துணி பிழிந்தார், வாட்ச்மேன் கஞ்சி சுமந்தார், கிளார்க் தெர்மாமீட்டரோடு மாடிமாடியாக ஏறி இறங்கினார். தன் ஏசி அறையில் இருபத்தாறு பிள்ளைகளைப் படுக்கவைத்த பிரின்சிபால் மூன்றாம் நாள் தானே பேனா எடுத்து, இன்னும் இரண்டு நர்ஸும், பிள்ளைகள் மனசுவிட்டுப் பேச ஒரு ஆளும், இருபது கட்டிலும் உடனே வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். அந்த மாதமே எல்லாம் வந்து சேர்ந்தன.

அந்தப் பெண் நர்ஸம்மா மடியில் ஒரு மணி நேரம் அழுதாள். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு மிச்சம் இருக்கா?" என்றாள். எழுந்து நடந்தபோது தரை சும்மா இருந்தது.

வரிசைப் பழக்கம் மட்டும் காய்ச்சல்களை விடவில்லை. இன்றும் அங்கே ஒரு காய்ச்சல் வந்தால் முதலில் நோயறைக் கதவைத் தட்டும். மூன்று நர்ஸில் யார் கை ஓய்வாக இருக்கிறதோ அவர், "உள்ள வா" என்பார்.