பதினேழாம் குழாய்

அண்ணன் உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டான். பிறகுதான் அவன் கையிலிருந்த இரும்புக் கம்பியைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆய்வுக்கூடத்தில் நானும் குழாய்க்காரரும் மட்டும்தான். ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு இடங்களில் குழாயை இறக்கி, ஆள் ஆழத்துக்கு மண் எடுத்துத் தந்தவர் அவர். ஐம்பது தாண்டியவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். ஏரி ஒரு காலத்தில் எதுவரை நின்றது என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. நீர்நத்தை ஓடு கிடைக்கும் இடம்வரை தண்ணீர் நின்றிருக்கிறது. அதற்குள் கட்டிய வீடுகளை இடிக்கச் சட்டம் இருக்கிறது. அறிக்கை மறுநாள் காலை பத்து மணிக்குப் போக வேண்டும்.

பதினேழாம் குழாயை அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இறக்கினோம். தங்கச்சி வேலை என்று அவனே இடம் காட்டி, குழாய்க்காரருக்கு டீயும் கொடுத்தான். அதில் நத்தை ஓடு இருந்தது.

“பாப்பா, நகரு.”

மேசையில் வரிசையாக வைத்திருந்த குழாய்களை அடித்தான். பிளாஸ்டிக் தெறித்தது. மண் சுவர்வரை சிதறியது. எந்தக் குழாய் என்று பார்க்கவில்லை. ஓங்கி ஓங்கி அடித்தான்.

“பதினாலு வருஷமா செங்கல் செங்கலாக் கட்டினேன். ஏரிக்கு நீ வக்கீலு. எனக்கு யாரு?”

குழாய்க்காரர் டிபன் பாக்ஸை மூடினார். “மண்ணுக்கு வலிக்காது தம்பி. உங்க தோள்பட்டைதான் போயிடும்.”

கம்பியின் முனையால் அவர் வாயில் குத்தினான். ரத்தத்தோடு ஒரு பல் மண்ணில் விழுந்தது. அண்ணன் உடைந்த குழாய் ஒன்றை எடுத்துப் பார்த்தான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அறுத்த விளிம்பு அவனை ஏமாற்றாது.

“இது பாதிதானே. நெடுக்க அறுத்திருக்கு. மீதிப் பாதி எங்க?”

மறுபரிசோதனைக்கு ஒதுக்கிய மீதிப் பாதிகள் பக்கத்துக் குளிரறையில் இருந்தன. இரும்புக் கதவு, ஒரே சாவி. அவன் கதவை உலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். தினமும் பூட்டுவது குழாய்க்காரர் என்று அவனுக்குத் தெரியும். அன்று காலை அவற்றைப் படம் எடுப்பதற்காக நான் சாவியை வாங்கியிருந்தது தெரியாது. அது என் மேலங்கிப் பையில் இருந்தது.

அவர் வலது கையை மேசையோடு அழுத்திப் பிடித்தான்.

“சாவி.”

“எங்கிட்ட இல்ல தம்பி.”

“யார்கிட்ட?”

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அண்ணன் புரிந்துகொண்டிருப்பான். “தெரியாது,” என்றார்.

முதலில் சுண்டுவிரல். முறிந்த ஓசை பெரிதாக இல்லை.

“அண்ணா, விடு,” என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

“எம் புள்ளைங்கள எங்க படுக்க வைப்பேன், அதச் சொல்லு,” என்றான் அண்ணன். என்னிடம்தான் கேட்டான். கண் மட்டும் அந்தக் கையில் இருந்தது.

அடுத்த விரல். என் கை பைக்குள் இருந்தது. சாவி சூடாகிவிட்டது. ஏரிக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று இப்போது எழுதிவிடலாம். அப்போது நான் ஏரியை நினைக்கவில்லை. விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது விரலுக்குத்தான் அவர் அலறினார். அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டுக் கைகழுவும் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தான். காவலாளி கதவை உடைத்து வந்தபோது அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன், அறிக்கையோடு. எந்த இடத்து மண் என்று எடுத்தவரே கையெழுத்திடாவிட்டால் நீதிமன்றம் அந்த மண்ணை ஏற்காது. கட்டிலருகே அவர் மனைவி நின்றிருந்தார். குழாய்க்காரரின் உதடு வீங்கிக் கிடந்தது.

“மொத வெரல்லயே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன், மேடம்.”

அறிக்கையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

“ரெண்டாவதுல, சரி, பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்.”

மூன்றாவதில் என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“என்ன சொல்லிருக்கணும் இவங்க?” என்றார் அவர் மனைவி.

“சாவி எங்கிட்டதான் இருந்துச்சு,” என்றேன்.

அறைந்தார். மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. இரண்டாவது அறையில் காது அடைத்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை.

“விடு,” என்றார் குழாய்க்காரர். “காகிதத்தக் குடுங்க.”

முழுவதும் படித்தார். பதினேழாம் வரியில் சற்று நின்றார்.

“உங்க அண்ணன் வீடு?”

“ஏரிக் கோட்டுக்குள்ளதான்.”

இடது கட்டைவிரலில் மை தடவி ஒற்றினார்.

“நாளைக்கு போலீஸ் வரும். நடந்தது எல்லாத்தையும் சொல்லுவேன். உங்க அண்ணன் செஞ்சத மட்டும் இல்ல.”

“சொல்லுங்க.”

அவர் மனைவி முந்தானையால் கணவரின் விரலைத் துடைத்தார். மை காயும்வரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.