புதினாப் பியர்

செபமாலையில் மூன்றாம் துக்கத் தேவ இரகசியத்தின் ஏழாவது மணியை உருட்டிக்கொண்டிருந்தபோது சாமானறைக்குள் டமார் என்று ஏதோ வெடித்தது.

ஹாலில் விரிப்பில் இருந்த முப்பது பேரும் செபத்தைப் பாதியில் விட்டார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டு இளந்தாரிகள் குப்புறப் படுத்தேவிட்டார்கள். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஊரில் குண்டுச் சத்தத்துக்குப் படுத்த அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை. அங்கே இருந்த ஒரே வெள்ளைக்காரர் பௌல். மூலையில் கதிரையில் இருந்த அவர், படுத்தவர்களைப் பார்ப்பதா சாமானறையைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழித்தார். "அருள் நிறைந்த மரியே" என்று செபத்தை நடத்திய மேரிகிறேஸ் மறுபடி தொடங்கினாள். இரண்டாவது வெடித்தது. கதவின் கீழால் நுரை தள்ளிக்கொண்டு வந்தது.

பியர் மணம். அதுவும் சும்மா பியர் மணமில்லை, புதினா கலந்த மணம். குருசுமுத்துவுக்கு மண் போட்டுவிட்டு வந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அவன் மனைவி யசிந்தாவுக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு நாளாக அதுதான் வருகிறது. கண்ணீர் வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபம் வந்து குந்திக்கொள்கிறது. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட, 'எல்லாத்தையும் பாதியிலை போட்டிட்டுப் படுக்கிறதுக்கு உங்களுக்கு நல்லாத் தெரியும்' என்றுதான் பல்லைக் கடித்தாள். இவள் அழவில்லையே என்று பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததையும் கண்டாள். பார்க்கட்டும். பார்க்கிறதுக்குக் காசா பணமா?

அவளுடைய அண்ணன் யேசுரட்ணம் செபமாலையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினார். விபோர்க்கில் இருக்கிறவர், மேரிகிறேஸின் கணவர். தமிழ்ப் பூசைக்குச் சுவாமியைக் கூப்பிடுவது, நத்தார்ப் பண்டிகைக்கு மண்டபம் எடுப்பது எல்லாம் அவர்தான். அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு தும்மல்கூட விழாது. அவர் போய்ச் சாமானறைக் கதவைத் திறந்தார். பச்சைப் போத்தில்கள் வரிசையாக நின்றன. இரண்டு உடைந்து கிடந்தன.

"இந்தச் சனியன்தான்," என்றார், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "இதுதான் என்ர மச்சானைக் கொண்டுபோனது. நாப்பத்திரண்டு வயசு! செத்தும் மானத்தை வாங்கிறான் பாருங்கோ."

விரிப்பில் இருந்த தலைகள் ஆடின. ஓம், குடிதான், வேறென்ன? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. இனி இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் தொடங்கி விபோர்க் வரைக்கும் இதுதான் கதை. நாளைக்கு யசிந்தாவின் மகள் பற்றிமா வளர்ந்து கலியாணம் பேசுகிறபோதும் இதுதான் கதை.

யேசுரட்ணம் நாலு போத்திலை அணைத்துப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனார். யசிந்தா பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வையுங்கோ அண்ணை."

"என்னத்தை வைக்கிறது? சுவாமி சாப்பிட வரப்போறார். வீடு கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது. எல்லாத்தையும் ஊத்திப்போட்டுத்தான் மற்ற வேலை."

"வையுங்கோ எண்டிறன்! ஈஸ்டருக்கு வந்து இஞ்சிப் பியர் மூண்டு போத்தில் குடிச்சது ஆர்? அப்ப மணக்கேல்லையோ?"

யேசுரட்ணம் போத்தில்களை மேசையில் வைத்தார். காது சிவந்துவிட்டது.

"அதோடை இன்னொண்டு. இதை அடைச்சது அவரில்லை. நான்."

குருசுமுத்து வேலை செய்தது பன்றி இறைச்சித் தொழிற்சாலையில். பௌலும் அதே வரிசையில் கத்தி பிடிக்கிறவர். வீட்டில் பியர் காய்ச்சப் பழக்கியதும் அவர்தான். மால்ட் பாகு ஒரு டின், ஈஸ்ட், மூடி போட்ட வாளி, மூடியில் குமிழி விடுகிற ஒரு குழாய், அவ்வளவுதான் சாமான். பௌல் தன்னுடைய பியருக்கு, சதுப்பு வெளியில் முளைக்கிற போர்ஸ் என்ற பற்றையின் இலையைப் போடுவார். அவருடைய தகப்பனும் போட்டவராம். அதைக் கண்ட நாளிலிருந்து குருசுமுத்துவுக்குப் பேய் பிடித்துவிட்டது. "உங்கட சதுப்பு இலை போடலாமெண்டால் எங்கட கொத்தமல்லி என்ன பாவம் செய்தது?" என்று தொடங்கினான். கொத்தமல்லி போட்டதை வாயில் வைக்க முடியவில்லை. ஏலக்காய் போட்டது பாயாசம் புளித்ததுபோல இருந்தது. இஞ்சி போட்டது மட்டும் நல்லது என்று பௌல் இரண்டு போத்தில் வாங்கிக்கொண்டு போனார். அவன் குடிப்பது சனிக்கிழமையில் ஒரு கிளாஸ். மிச்சமெல்லாம் வந்தவன் போனவனுக்கு. இன்றைக்கு விரிப்பில் இருந்து தலையாட்டுகிற ஆம்பிளைகளில் பாதிப்பேர் இந்த வீட்டில் ருசி பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனவர்கள்தான்.

புதினா வந்தது கடைசியில். ஈஸ்டர் முடிந்த கையோடு அவன் நெஞ்சைத் தடவத் தொடங்கினான்.

"நெஞ்சுக்கை என்னவோ அடைக்குது யசிந்தா."

"உந்தப் பியர் வாய்வுதான். வேறை என்ன?" என்றாள் அவள்.

நெஞ்சுநோ என்றால் வாய்வு. அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் நெஞ்சுக்குள் வேறு நோய்க்கு இடமே இருந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் பௌலின் மனைவி தந்த புதினா வேர் இருந்தது. அவள் தண்ணீர் விட்டுத் தண்ணீர் விட்டு அதை ஒரு பாத்தியாக்கி வைத்திருந்தாள். அதில் கிள்ளி அவித்துக் கொடுத்தாள். அவனும் பிள்ளை மாதிரிக் குடித்தான். குடித்துவிட்டு அவன் கண்டுபிடித்த கண்டுபிடிப்பைக் கேளுங்கள். வாய்வு பியரால் வருகிறது, புதினா வாய்வைக் கலைக்கிறது, ஆகவே புதினாவைப் பியருக்குள்ளேயே போட்டுவிட்டால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசையால் திரும்பி வர, பாத்தி மொட்டையாகக் கிடந்தது. ஒரு இலை மிச்சமில்லை. குசினி முழுக்க ஆவி.

"இனி உமக்கு என்னோடை சண்டையில்லை," என்றான், அகப்பையைத் தூக்கிக் காட்டி. "மருந்தும் பியரும் ஒண்டாப் போச்சு."

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். பௌல் ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டுப் பற்பசை என்றாராம். அதற்கும் அவன் சிரித்தான்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலை. அவன் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றான். முகம் வேர்த்திருந்தது.

"இண்டைக்கு நிண்டிட்டு டொக்டரிட்டைப் போகட்டோ?"

"வாய்வுக்கு டொக்டரோ? மொழிபெயர்க்கிற ஆளையும் பக்கத்திலை இருத்தி, பியர் குடிச்சன் ஏவறை வருகுதெண்டு சொல்லப்போறியளோ? போங்கோ வேலைக்கு. உந்த வாளியைத் தூக்கி எறிஞ்சால் எல்லாச் சுகமும் வரும்."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். உடுப்பு மாற்றுகிற அறையில் விழுந்தான். பௌல்தான் தூக்கினார். இதயத்துக்குப் போகிற குழாய் அடைபட்டுவிட்டது, சில வாரமாகவே நோவு காட்டியிருக்கும், முன்னமே வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பாதியில் விட்டுவிட்டார். மிச்சத்தை யாரும் மொழிபெயர்த்துத்தான் அவளுக்கு விளங்கவேண்டும் என்றில்லை.

வியாழக்கிழமை நாட்காட்டியைக் கிழிக்கப் போனபோது அவன் கையெழுத்தில் அன்றைய வேலை இருந்தது: 'போத்தில்'. சாமானறைக்குள் வாளி குமிழி விடுவதை நிறுத்தியிருந்தது. செத்தவன் வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போவதா என்று அவனைத் திட்டித் திட்டியே அவள் குழாயைப் போட்டு நிரப்பினாள், மூடி அழுத்துகிற கருவியால் அழுத்தினாள். அடைக்கிறபோது போத்திலுக்குக் கொஞ்சம் சீனி போடவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவன் போடுவது பற்றிமாவின் மருந்துக் கரண்டியால் மட்டமாக ஒன்று. அவளுடையது தேத்தண்ணி போட்ட கை. தேக்கரண்டியால் கும்பமாக இரண்டு போட்டாள். "சீனி கூடிப்போச்சு யசிந்தா" என்று தினமும் காலைத் தேத்தண்ணியில் வாய் வைத்து அவன் சொல்வான், சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடிப்பான். அந்த ஞாபகம்கூட அப்போது அவளுக்கு வரவில்லை.

இவ்வளவையும் அவள் அண்ணனுக்குக் குசினியில் நின்றபடியே சொன்னாள். யேசுரட்ணம் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார்.

"இதை வேறை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. மேரிகிறேசுக்கும் சொல்லாதை. அவன் குடிச்சுத்தான் செத்தவன். அப்பிடியே இருக்கட்டும்."

"என்ன சொல்லுறியள்?"

"பிள்ளை, செத்தவனுக்கு இனி என்ன மானம்? நீ இந்தச் சனத்துக்குள்ளை சீவிக்கவேணும். புருசனை டொக்டரிட்டைப் போகவிடாமல் மறிச்சவள் எண்டு பேரெடுக்கப்போறியோ? குடிகாரன்ர பெண்சாதி எண்டால் இரக்கப்படுவினம். இதுக்கு ஆரும் இரக்கப்படாயினம்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியை எடுத்துச் செத்தவன் தலையில் வைத்து, மேலே பூவும் வைக்கச் சொல்கிறார் அண்ணன். அதுவும் அன்பினால் சொல்கிறார், அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கமுடியவில்லை. ஒரு கணம், ஒரேயொரு கணம், சரியென்று சொல்லிவிடலாம்போலவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாரும் அவள் கையைப் பிடித்து அழுவார்கள். அப்படி நினைத்த தன் மனத்தின்மேலேயே அவளுக்குக் காறித் துப்பவேண்டும்போல வந்தது.

"உயிரோடை இருக்கேக்கை அந்தாளின்ர நெஞ்சுநோவையும் பியரிலைதான் போட்டன்," என்றாள். "செத்த பிறகும் போடச் சொல்லுறியளோ? ரெண்டாம் தரமும் போடச் சொல்லுறியளோ அண்ணை?"

"யசிந்தா, சத்தம் போடாதை..."

அவள் ஒரு போத்திலைக் குசினித் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஹாலில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றாள். "இவர் குடிச்சுச் சாகேல்லை. கிழமைக்கு ஒரு கிளாஸ் குடிச்சவர், அதிலை கூடக் குடிச்சது இஞ்சை இருக்கிற நீங்கள்தான். இவருக்கு நெஞ்சுக்கை நோவும் வருத்தமும் இருந்தது. ரெண்டு மாசமாச் சொன்னவர். வாய்வெண்டு சொன்னது நான். டொக்டரிட்டைப் போகட்டோ எண்டு கேட்டவரை வேலைக்குக் கலைச்சது நான். இந்தப் போத்திலும் நான் அடைச்சதுதான். கதைக்கிறதெண்டால் என்னைப் பற்றிக் கதையுங்கோ."

ஆறுதல் சொல்ல நீட்டின மேரிகிறேஸின் கை பாதி வழியில் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல மடிக்குத் திரும்பிப் போனது. ஆம்பிளைகள் விரிப்பின் கோலத்தைப் பார்த்தார்கள். குசினி வாசலில் யேசுரட்ணம் நின்றார். இந்தத் தங்கச்சியை இனி என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பௌல் குனிந்து, பக்கத்தில் இருந்த பற்றிமாவிடம் அம்மா என்ன சொன்னாள் என்று டேனிஷில் கேட்டார். பற்றிமாவுக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. அவள் தாயைப் பார்த்தாள், யோசித்தாள், பிறகு டேனிஷில் மூன்றே சொல்லில் சொன்னாள்.

"அப்பாவுக்கு நோய் இருந்தது."

பௌல் தலையை ஆட்டினார். பிறகு எழும்பி வந்து யசிந்தாவின் கையிலிருந்த போத்திலைத் துவாயோடு வாங்கினார். எடையைப் பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பிடித்தார். குருசுமுத்து அடைத்தது ஒருநாளும் இப்படி வெடித்ததில்லை. எவ்வளவு சீனி போட்டாய் என்று விரலால் கேட்டார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு கையைக் குவித்துக் கும்பத்தையும் காட்டினாள். பௌலின் புருவம் மேலே போனது. அவர் பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவரச் சொல்லி, போத்திலை அதற்குள் சரித்துப் பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு மூடியைக் கிளப்பினார்.

நுரை பாய்ந்தது. துவாய் நனைந்து, அவருடைய கறுப்புக் கோட்டுக் கை நனைந்து, பேசின் நிரம்பியது. எல்லாம் அடங்கியபோது போத்திலின் அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிஞ்சியிருந்தது. பௌல் அதை ஒரு கிளாசில் ஊற்றினார். கலங்கலாக இருந்தது, ஒரு சின்ன இலைத்துண்டு மிதந்தது. முதல்முறை ருசி பார்ப்பது காய்ச்சினவன்தான் என்பது அவருடைய வழக்கம். அவர் கிளாசை அவளிடம் நீட்டினார்.

யசிந்தா பிறந்ததிலிருந்து பியரைத் தொட்டதில்லை. வெள்ளைச் சேலையோடு, முப்பது பேருக்கு முன்னால் அதை வாங்கினாள். "யசிந்தா!" என்று யேசுரட்ணம் அதட்டினார். சாமானறைக்குள் மூன்றாவது போத்தில் வெடித்தது. இந்தமுறை ஒருவரும் படுக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கிளாசில்தான் இருந்தது.

அவள் ஒரு மிடறு குடித்தாள். முதலில் இனிப்பு, பிறகு புதினா, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கைப்பு.

"சீனி கூடிப்போச்சு," என்றாள்.

சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தாள்.