வெறும் தண்ணீர்

டயர்க்கடைக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி கேஸ் அடுப்பில் வெறும் தண்ணீரை வைத்துவிட்டு, பின்வாசலில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். “போறப்ப கேஸை அணைச்சிட்டுப் போங்க. அது பாத்தது போதும்” என்றாள். அணைத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் கடைக்கு ஆள் ஓடி வந்தது. மாரடைப்பு. யாரையும் கூப்பிடக்கூட அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை.

‘அது’ என்று அவள் சொன்னது, அடுப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பொத்தான் அளவுக் கருவியை. ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கேஸ் அடுப்பு கொடுத்திருந்தது. அதனால் காற்றில் கலக்கும் கரி கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து, கேஸ், விறகு இரண்டு அடுப்பிலும் ஒவ்வொன்று ஒட்டிவிட்டுப் போனாள். அடுப்பு எரியும் நேரத்தை அது குறித்துக்கொள்ளுமாம்.

சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் இவள் சமைப்பதெல்லாம் விறகில்தான். ஆனால் கேஸ் அடுப்பு சும்மா கிடப்பது தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா? அதனால் தினமும் சிறுதீயில் கொஞ்ச நேரம் தண்ணீர். ஆறியதும் செடிக்கு. தெருவில் பாதி வீடுகளுக்கு இந்த யோசனையை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் வெந்துவிட்டதா என்று இவர் கேலி செய்வார். ஆள் வராத நேரத்தில் ஸ்பானரைத் துடைத்துத் துடைத்து வைக்கிறீர்களே, அது மட்டும் எதற்காம் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். விஷயம் தெரியாது. “அக்கா எங்கண்ணே?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே போய்க் கருவியை எடுத்துப் பார்த்தாள். இந்தத் தெருவில் விறகும் குறையவில்லை, அதற்கு மேல் கேஸும் எரிகிறது, இலவச அடுப்பால் கரி கூடித்தான் போயிருக்கிறது என்று மேலதிகாரிகள் பேசிக்கொள்கிறார்கள், இன்னும் அடுப்பு வராத பின்தெருவுக்குக் கொடுப்பதை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

பின்தெருவில் அவர் தங்கச்சி இருந்தாள். இருமிக்கொண்டே ஊதுகுழலோடு மல்லுக்கட்டுகிறவள், அடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் செத்தவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் தங்கச்சிக்கு அடுப்பு இல்லை. அவர் பின்வாசலைப் பார்த்தார். அங்கே சாம்பல் அள்ளாமல் கிடந்தது.

“அதுல வெந்தது வெறும் தண்ணிம்மா” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னார். சிரிப்பாள் என்று நினைத்தார். அவளோ கருவியை உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இது சூட்டைத்தாண்ணே பாக்கும். பாத்திரத்துக்குள்ள எட்டிப் பாக்காது. குறை அடுப்புல இல்ல, சிலிண்டர் நேரத்துக்கு வராததுலதான். நாங்களாவது கேட்டிருக்கணும்.” எத்தனை வீட்டில், எவ்வளவு தண்ணீர், மூடி போட்டா போடாமலா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். மனைவி மூடி போட்டாளா? அவருக்கு நினைவில்லை. தினமும் பார்த்ததுதான்.

வீடு வீடாக மறுபடி விசாரித்து எழுதுகிறேன், மேலே இருப்பவர்கள் கேட்பார்களா என்பது தெரியாது என்றாள் அந்தப் பெண். பிறகு விறகடுப்புக் கருவியைப் பார்த்துவிட்டு, அந்த நாளுக்கப்புறம் இது எரியவே இல்லையே என்று மெல்லக் கேட்டாள்.

“எனக்கு விறகு பத்த வைக்க வராது. கேஸ்லதான் ஏதோ பொங்கித் திங்கிறேன்.” அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். “இந்த வீட்ல புகை குறைஞ்சிடுச்சுன்னு மட்டும் எழுதிடாதம்மா.”

அவள் எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

அவர் உள்ளே வந்து உலை வைக்க லைட்டரை எடுத்தார். அதை மாட்டும் ஆணி மனைவியின் இடுப்பு உயரத்தில் அடித்தது. அவர் நெட்டை. குனிந்துதான் எடுத்தார்.