ஆட்டுக் கண்ணுக்குள் ஒரு பயணம்

அக்கா கண் மருத்துவர். தங்கை காந்தப் பொருள்களை ஆராய்பவள். விழித்திரையில் நோயுள்ள இடத்துக்கு மட்டும் மருந்தைக் கொண்டுபோக முடியுமா என்று அக்கா சாப்பாட்டு மேசையில் கேட்டு வைக்க, தங்கைக்கு அதுவே வேலையாகிப் போனது.

மருந்தைச் சுமந்து கண்ணுக்குள் நீந்திப்போக, மயிரிழையை விட மெல்லிய ஒரு நீந்தியைச் செய்ய வேண்டும். முதலில் மீன்வால் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு சிறிய உடலுக்குத் தண்ணீரே தேன்பாகு மாதிரி. வால் ஆடியதே தவிர, இருந்த இடத்தை விட்டு அது நகரவில்லை. திருகாணி வடிவம்தான் கைகொடுத்தது. வெளியே காந்தப்புலம் சுழலச் சுழல, மரத்தில் இறங்கும் திருகு போல அது முன்னேறியது.

ஆய்வகத்தில் எல்லோரும் ‘அவசரம்’ என்று அழைக்கும் கூட்டாளி, காந்தம் நன்றாக இழுக்கட்டும் என்று அதன்மேல் நிக்கல் பூசினான். திருகு பாய்ந்தது. ஆனால் அதைப் போட்ட தட்டில் உயிரணுக்கள் நிக்கலின் நச்சால் செத்துக்கிடந்தன. மேலே இன்னொரு பூச்சு பூசி மறைத்துவிடலாம் என்றான் அவன்.

“அது உரிஞ்சா என்ன பண்றது? போகப்போறது ஒருத்தரோட கண்ணுக்குள்ளப்பா,” என்றாள் தங்கை.

இரும்பு ஆக்சைடுக்கு மாறினார்கள். உடம்பு அதைத் தாங்கும். ஆனால் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது. வேகம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையானது. தங்கை சளைக்கவில்லை. திருகைத் தடிமனாக்கினாள், புரிகளின் இடைவெளியை அகட்டினாள், கண்ணுக்குள் இருக்கும் கூழின் வலையில் சிக்காதிருக்க மேலே வழுக்கும் பூச்சும் கொடுத்தாள்.

ஒரு காலையில் அக்காவை வரவழைத்தாள். கசாப்புக் கடையில் வாங்கிவந்த ஆட்டுக் கண் காந்தச் சுருள்களுக்கு நடுவில் இருந்தது. தூசி போல உள்ளே விட்ட திருகுகள் ஆயிரக்கணக்கில். தங்கை விசையைத் தட்டினாள்.

கணினித் திரையில் அந்தத் தூசி விழித்துக்கொண்டது. ஒன்றும் பின்தங்காமல், ஒரே தாளத்தில் சுழன்றபடி, தெளிந்த கூழைத் துளைத்துக்கொண்டு கூட்டமாய்ப் போனது. தங்கை புலத்தைச் சாய்த்தாள். கூட்டமும் பறவைகள் போலச் சாய்ந்து திரும்பியது. அவள் குறித்த இடத்தில், விழித்திரையின் மேல், அது மெல்லப் படிந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இத்தனை வருஷமா கண்ணைத்தான்டி பாத்துட்டிருக்கேன். அதுக்குள்ள இவ்வளவு பெரிய இடம் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

பிறகு நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.